சாரயேவோ ஒன்றரை நாள் ப்ளான்: எங்க ஆரம்பிக்கணும், எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்

போஸ்னியாவோட தலைநகரம் சாரயேவோவுக்குப் போறேன்னு யாராச்சும் சொன்னா நான் மொதல்ல கேக்குறது, செர்பியாவோட தலைநகரம் பெல்கிரேடுக்கு பஸ்ல போற ப்ளான் இருக்கான்னுதான். ஏன்னு ஸ்டெப் 2ல சொல்றேன். ஃப்ளைட்டு, ரூம் எல்லாம் நீங்களே பாத்துக்குவீங்க.

ஸ்டெப் 1: விசா, போன், காசு

இந்திய பாஸ்போர்ட்டுல மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான விசா) செல்லுபடியா இருந்தா தனி விசா வேணாம், ஆனா கிளம்புறதுக்கு முன்னாடி தூதரக சைட்ட ஒரு தடவ பாத்துடுங்க. சிங்கிள் என்ட்ரி வெச்சுக்கிட்டு மட்டும் வராதீங்க, போஸ்னியா ஷெங்கன்ல இல்ல, திரும்ப ஷெங்கன் நாடுகளுக்குள்ள விடமாட்டாங்க. ஐரோப்பிய யூனியன் சிம்மோட ஃப்ரீ ரோமிங்கும் இங்க கெடையாது, அதனால ஆர்கானிக் மேப்ஸ்ங்கற ஆப்ல ஊர முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கோங்க, கூகுள் மேப்ஸ விட எனக்கு இதுதான் புடிக்கும், நெட் இல்லாமலே ஓடும், மலைப் பாதையெல்லாம் நல்லா காட்டும். காசு கன்வெர்ட்டிபிள் மார்க், யூரோவுக்கு 1.95583னு கட்டி வெச்சிருக்காங்க, ரெண்டால வகுத்துக்கிட்டா போதும்.

ஸ்டெப் 2: பஸ் ஸ்டாண்டு

இத ரெண்டு தடவ படிங்க. ஊருக்கு ரெண்டு பஸ் ஸ்டாண்டு. ஒண்ணு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துல, இன்னொண்ணு ஏர்போர்ட் பக்கம் லுகாவித்சாங்கற எடத்துல. போஸ்னியப் போர (1992-95) முடிச்ச 1995 டேட்டன் ஒப்பந்தத்துல நாட்ட ரெண்டு நிர்வாகமாப் பிரிச்சாங்க, அந்த எல்லை ஊர் ஓரத்துலயே போகுது, லுகாவித்சா அந்தப் பக்கம், செர்பியர் பெரும்பான்மையா இருக்குற ரெபுப்ளிகா ஸ்ர்ப்ஸ்கா நிர்வாகத்துல இருக்கு. பெல்கிரேடு பஸ் பெரும்பாலும் அங்கருந்துதான் எடுப்பாங்க. டிக்கெட்ல 'இஸ்தோச்னோ சாரயேவோ' (கிழக்கு சாரயேவோ)ன்னு இருந்தா இதுதான், வெறும் சாரயேவோன்னு இருந்தா விக்கிறவங்ககிட்டயே கேட்டுடுங்க. சென்டர்லருந்து 103 ட்ராலிபஸ் ஏறி டோப்ரின்யா கடைசி ஸ்டாப்புல எறங்கி கொஞ்ச தூரம் நடக்கணும். நடுவுல செக்போஸ்ட் எதுவும் இருக்காது, போர்டெல்லாம் சிரிலிக் எழுத்துக்கு மாறும், அப்ப சரியான எடத்துக்கு வந்துட்டீங்கன்னு அர்த்தம்.

ஸ்டெப் 3: மொத நாள், கெழக்கேருந்து மேற்க நடங்க

மில்யாட்ஸ்கா ஆத்தோரம் இருக்குற பழைய சிட்டி ஹால்ல ஆரம்பிங்க. அந்தப் போர்ல, 1992 ஆகஸ்ட்ல குண்டு போட்டு எரிச்சப்ப இது தேசிய நூலகமா இருந்துச்சு, லட்சக்கணக்குல புக்கு போச்சு, சரி பண்ணி 2014ல தான் தெறந்தாங்க. 1914 ஜூன் 28 அன்னிக்கு ஆஸ்திரியப் பட்டத்து இளவரசர் ஃப்ரான்ஸ் ஃபெர்டினாண்ட் இங்க வரவேற்ப முடிச்சுட்டு இதே ஆத்தோர ரோட்லதான் கார்ல போனாரு, கொஞ்ச தூரத்துல லத்தீன் பாலத்துக்கிட்ட கவ்ரிலோ ப்ரின்சிப்ங்கற போஸ்னிய செர்பிய இளைஞன் அவர சுட்டுக் கொன்னான், மொத உலகப் போருக்கு அதுதான் பொறி. அதையே நீங்களும் நடந்து பாருங்க. அப்புறம் பாஷ்சார்ஷியா கடைத்தெரு, காஸி ஹுஸ்ரெவ் பெக் மசூதி, அங்கருந்து ஃபெர்ஹாதியா தெரு. தெருவுல போறப்பவே துருக்கிக்காரங்க கட்டுன கல் கடை முடிஞ்சு ஆஸ்திரியாக்காரங்க கட்டுன மாடி வீடு ஆரம்பிச்சுடும். தரையில செவப்பு பிசின் ஊத்தின பள்ளம் தெரியும், பூ மாதிரி செதறி இருக்கும், பீரங்கிக் குண்டு விழுந்து ஆளுங்க செத்த எடம். அது மேல கால் வெக்காதீங்க.

ஸ்டெப் 4: ரெண்டாவது நாள், டனல் மொதல்ல, மலை அப்புறம்

எல்லாரும் மாத்தி சொல்லுவாங்க, நான் இப்படித்தான் சொல்லுவேன். டனலுக்குப் போக ஊரோட மேற்கு ஓரத்துல இருக்குற இலிட்ஜாவுக்கு 3ம் நம்பர் ட்ராம், அங்கருந்து டாக்சி. ட்ராம்ல ஏறின உடனே டிக்கெட்ட பஞ்ச் பண்ணிடுங்க, செக்கிங் வரும். போர்ல போஸ்னிய செர்பியப் படை ஊர சுத்தி முற்றுகை போட்டிருந்த சமயத்துல, 1993ல, ஏர்போர்ட்டுக்கு அடியில கிட்டத்தட்ட 800 மீட்டருக்குத் தோண்டின சுரங்கம் இது, சாப்பாடு, மருந்து, ஆயுதம், அடிபட்டவங்கன்னு எல்லாம் இது வழியாத்தான். இப்ப கொஞ்ச தூரம்தான் உள்ள விடுவாங்க, குனிஞ்சுதான் போகணும். இதப் பாத்துட்டு ட்ரெபெவிச் கேபிள் கார் ஏறுங்க (போர்ல அழிஞ்சது, 2018ல திரும்ப ஓட ஆரம்பிச்சுது). மேலருந்து பாத்தா ஊரு முழுக்க பள்ளத்துல கெடக்கும், சுத்தியிருக்குற மலையில பீரங்கிய வெச்சவனால ஏன் அத்தன வருஷம் அடிக்க முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லாமலே புரியும். பக்கத்துலயே 1984 ஒலிம்பிக் பாப்ஸ்லெட் ட்ராக், காங்க்ரீட் முழுக்க ஸ்ப்ரே பெயிண்ட், உள்ள நடந்தே போகலாம். குறி போட்ட பாதைய விட்டு மட்டும் எறங்காதீங்க, கண்ணிவெடி இருந்த மலை அது.

அப்டேட்: வெஜிடேரியனுக்கு என்ன கெடைக்கும்னு நெறய பேர் கேட்டீங்க. செவாப்பிங்கற கபாப் கறிதான். பூரெக்குன்னு (மெல்லிசான மாவுச் சுருள்) கேட்டாலும் இந்த ஊர்ல கறி வெச்சுதான் தருவாங்க. கீரை வெச்சதுக்கு ஸெல்யானித்சா, உருளைக்கிழங்குக்கு க்ரோம்பிருஷான்னு கேளுங்க, கீரைல சீஸும் முட்டையும் சேப்பாங்க, முட்டை ஆகாதுன்னா உருளைக்கிழங்குதான் வாங்கணும், அதுலயும் ஒரு தடவ கேட்டுட்டு வாங்குங்க.