குவாட்டர்பேக் ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி? பேனாவோடு உட்காருங்கள்

2024 செப்டம்பரில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணி தன் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் வீரர்) டாக் பிரெஸ்காட்டுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்த நீட்டிப்பு கொடுத்தது. மொத்தம் 24 கோடி டாலர், ஆண்டுக்கு 6 கோடி என்று செய்தி வந்தது. புதிதாக என்எஃப்எல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக், பார்ப்பவர்கள் உடனே கேட்பார்கள்: ஒருவருக்கே இவ்வளவு போனால் மற்ற 52 பேருக்கு என்ன மிஞ்சும்? நல்ல கேள்வி. விடை அந்தத் தலைப்புச் செய்தியில் இல்லை, அதை நாமே கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். கூட்டலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

படி 1: உச்சவரம்பைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஒரு அணி வீரர்களுக்காக எவ்வளவு செலவு காட்டலாம் என்பதற்கு லீக் ஆண்டுதோறும் ஒரு வரம்பு வைக்கிறது. அதுதான் சேலரி கேப். 1994-இல் தொடங்கியபோது 3.46 கோடி டாலர், 2025-இல் 27.92 கோடி. எவ்வளவு பெரிய பணக்கார முதலாளியாக இருந்தாலும் இதைத் தாண்ட முடியாது.

படி 2: ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒன்று, ஆண்டுச் சம்பளம். கொடுக்கிற ஆண்டிலேயே கேப் கணக்கில் ஏறிவிடும். இன்னொன்று, கையெழுத்துப் போடும்போது தரும் சைனிங் போனஸ். வீரருக்குப் பணம் முன்கூட்டியே போய்விடும். ஆனால் கணக்கில் அதை ஒப்பந்த ஆண்டுகளுக்குச் சமமாகப் பிரித்து எழுதலாம், அதிகபட்சம் ஐந்து ஆண்டுகளுக்கு. பிரெஸ்காட்டுக்குக் கிடைத்த சைனிங் போனஸ் மட்டும் 8 கோடி டாலர்.

படி 3: நீங்களே ஒன்று போட்டுப் பாருங்கள்

ஒரு கற்பனை ஒப்பந்தம்: ஐந்து ஆண்டு, 20 கோடி டாலர். அதில் 5 கோடி சைனிங் போனஸ். சம்பளம் முதல் ஆண்டு 1 கோடி, அப்புறம் 2, 3, 4, 5 கோடி. போனஸை ஐந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 1 கோடி. ஆக, கேப் கணக்கில் ஏறுவது 2, 3, 4, 5, 6 கோடி.

முதல் ஆண்டைக் கவனியுங்கள். வீரர் கையில் 6 கோடி, கணக்கில் வெறும் 2 கோடி. அந்த 4 கோடி இடைவெளியில்தான் அணி இன்னும் சில நல்ல வீரர்களை எடுக்கிறது.

படி 4: நடுவில் விடுவித்தால் என்ன ஆகும்?

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். மேலே சொன்ன வீரரை இரண்டாம் ஆண்டு முடிவில் விடுவிக்கிறோம், மீதிச் சம்பளத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று வையுங்கள். சம்பளம் மிச்சம். ஆனால் போனஸில் இன்னும் எழுதாத 3 கோடி மொத்தமாகக் கணக்கில் வந்து விழும். இதை டெட் மணி என்கிறார்கள். ஆடாத ஒருவருக்காக இடத்தை அடைத்துக்கொள்ளும் தொகை.

டென்வர் பிராங்கோஸ் இதை அனுபவித்தது. 2022-இல் குவாட்டர்பேக் ரஸல் வில்சனுக்கு 24.5 கோடி டாலருக்கு ஐந்தாண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அந்தப் புதிய ஆண்டுகள் தொடங்கும் முன்பே, 2024 மார்ச்சில் அவரை விடுவித்தார்கள். டெட் மணி 8.5 கோடி. சம்பள உத்தரவாதமும் அதில் சேர்ந்ததால்தான் அவ்வளவு பெரிய தொகை. விதி அனுமதித்தபடி அதை இரண்டு ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதினார்கள்.

படி 5: மாற்றியமைத்தல்

கேப்பில் இடம் இல்லையென்றால் அணி சம்பளத்தின் ஒரு பகுதியைப் போனஸாக மாற்றும். நம் கணக்கில் மூன்றாம் ஆண்டுச் சம்பளம் 3 கோடி. அதில் 2.4 கோடியை மாற்றினால் மீதமுள்ள மூன்று ஆண்டுகளுக்கும் 0.8 கோடி வீதம் பிரியும். அந்த ஆண்டுக் கணக்கு 4-லிருந்து 2.4 கோடியாக இறங்கும். அடுத்த இரண்டும் 5.8, 6.8 என்று ஏறும். வீரருக்கு ஒரு டாலரும் குறையாது. கேப் பெரும்பாலான ஆண்டுகளில் வளர்வதால் இதில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. ஆனால் குவாட்டர்பேக் தொடர்ந்து நன்றாக ஆடுவார் என்ற நம்பிக்கை வேண்டும்.

படி 6: அறிமுக ஒப்பந்தத்தைத் தேடுங்கள்

லீக்குக்குப் புதிதாக வரும் வீரரின் முதல் ஒப்பந்தம் இது. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2010-இல் முதல் தேர்வான குவாட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டே விதி மாறி, புதிய வீரர்களின் சம்பளத்துக்கு வரம்பு வந்தது. முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்குச் சுமார் 2.2 கோடிதான். அன்றிலிருந்து நன்றாக ஆடும் இளம் குவாட்டர்பேக் கிடைப்பதைவிடப் பெரிய லாபம் இந்த ஆட்டத்தில் இல்லை. 2022 டிராஃப்டில் கடைசியாக, 262-ஆவது ஆளாகத் தேர்வான பிராக் பர்டி, 2023 பருவத்தில் 10 லட்சம் டாலர்கூட இல்லாத சம்பளத்தில் சான் பிரான்சிஸ்கோ அணியை இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குக் கொண்டுபோனார். 2025-இல் அவருக்கே ஐந்தாண்டுக்கு 26.5 கோடி. டென்வரும் வில்சனின் டெட் மணியைச் சுமந்துகொண்டே 2024-இல் நாக்அவுட் சுற்றான பிளேஆஃப் போனது. ஆடியது அறிமுகச் சம்பளத்தில் இருந்த போ நிக்ஸ்.

சரி, இனி உங்கள் முறை. படி 5-இல் மாற்றியமைத்த அதே வீரரை மூன்றாம் ஆண்டு முடிவில் விடுவித்தால் டெட் மணி எவ்வளவு? பழைய போனஸில் மீதி, புதிய போனஸில் மீதி, இரண்டையும் கூட்டுங்கள். 3.6 கோடி வந்தால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.