"எத்தனை சர்வர்?" என்று கேட்பதற்கு முன்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் ஓடூ என்ற நிறுவன மேலாண்மை மென்பொருளை நிறுவப் போனபோது, உரிமையாளரின் முதல் கேள்வி: "எத்தனை சர்வர் வாங்க வேண்டும், தம்பி?"

"காலை பதினோரு மணிக்கு எத்தனை பேர் ஒரே நேரத்தில் வேலை பார்ப்பார்கள், அண்ணா?" என்று திருப்பிக் கேட்டேன்.

லாகின் வைத்திருந்தவர்கள் 140 பேர். பழைய மென்பொருளில் ஒரு வாரம் எண்ணிப் பார்த்ததில் 60-ஐத் தாண்டவில்லை. கணக்கை அந்த 60-இல்தான் தொடங்க வேண்டும். ஒரு வொர்க்கர், அதாவது கோரிக்கைகளைக் கவனிக்கும் ஒரு ஓடூ புராசஸ், சுமார் 6 பேரைத் தாங்கும். ஆக 10 வொர்க்கர், பின்னணி வேலைகளுக்கு இன்னும் 2. சிபியு கோர்களை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் வருவதே உச்சவரம்பு. 6 கோருக்கு 13, போதும். வொர்க்கருக்குச் சராசரியாக 325 எம்பி ராம் என்றால் மொத்தம் 4 ஜிபி. மாதக் கடைசியை நினைத்து நான் 8 கொடுத்தேன்.

முதலில் தனிக்குடித்தனம் அனுப்ப வேண்டியது தரவுத்தளத்தை. அப்ளிகேஷனுக்குப் பசி சிபியுவில். ஓடூவின் தரவுத்தளமான போஸ்ட்கிரெஸுக்கு நினைவகத்திலும் டிஸ்கிலும். தனி இயந்திரம் கொடுத்தபின், 128 எம்பியாகவே வரும் அதன் பகிர்வு நினைவகத்தை மொத்த ராமில் கால் பங்காக உயர்த்துங்கள். ஆனால் இரண்டையும் ஒரே சுவிட்சில் வையுங்கள். அப்ளிகேஷன் அலுவலகத்தில், தரவுத்தளம் கிளவுடில் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். ஒரு திரையைத் திறக்க நூறு வினவல்கள் போகின்றன, ஒவ்வொன்றுக்கும் 20 மில்லிநொடி என்று வைத்துக்கொண்டால், இரண்டு நொடி அதிலேயே போய்விடும்.

இரண்டாவது அப்ளிகேஷன் சர்வரை அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள். நான் சேர்த்துப் பட்டிருக்கிறேன். வேறோர் இடத்தில் இரண்டு சர்வரை, கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் நிறுத்தினேன். அரை மணி நேரத்தில் மெர்ச்சண்டைசர் ஒருவர் எழுந்து வந்தார்: "சார், ஒரு கிளிக்குக்கு ஒரு முறை பாஸ்வேர்ட் கேட்கிறது. சட்டையின் படம் ஒரு தடவை தெரிகிறது, மறு தடவை காணோம்." யார் லாகின் செய்திருக்கிறார் என்ற செஷன் பதிவுகளும் இணைப்புக் கோப்புகளும் அந்தந்த சர்வரின் டிஸ்கிலேயே தங்கியிருந்தன. ஆக, கோப்புச் சேமிப்பும் ஒரு தனிப் பொறுப்பு. இரு சர்வரும் பார்க்கும் பொது இடம் ஒன்று வேண்டும். மறுநாள் தரவுத்தளத்தோடு இணைப்பதில் பிழை. ஓடூவின் ஒவ்வொரு புராசஸும் இயல்பாக 64 தரவுத்தள இணைப்புகள் வரை கேட்கலாம். போஸ்ட்கிரெஸ் இயல்பாகத் தருவது 100. ஒன்றைக் குறைத்து மற்றதை ஏற்றிய பிறகே அடங்கியது.

பேக்கப் வேறு இயந்திரத்துக்குப் போக வேண்டும். தரவுத்தளத்தை முதலிலும் கோப்புகளை அடுத்தும் எடுங்கள். வரிசை மாறினால், இடையில் ஏற்றிய கோப்புகளுக்குத் தரவுத்தளத்தில் பதிவு இருக்கும், பேக்கப்பில் கோப்பு இருக்காது.

சோதனை சர்வருக்குப் பழைய டெஸ்க்டாப் கூடப் போதும். அசல் தரவை அதில் நகலெடுத்தால் மின்னஞ்சல் அமைப்புகளும் திட்டமிட்ட வேலைகளும் கூடவே வந்துவிடும். வாங்குபவருக்கு நள்ளிரவில் நிலுவை நினைவூட்டல் பறக்கும். ஓடூ 16 முதல் இவற்றை முடக்க ஒரு கட்டளை இருக்கிறது. நான் அதையும் ஓட்டுவேன், அந்த இயந்திரம் மின்னஞ்சல் அனுப்பும் போர்ட்டை ஃபயர்வாலிலும் அடைத்துவிடுவேன்.