பழைய மண் அணையில் கசிவைக் கண்காணிப்பது எப்படி?

மண் அணை என்றால் கசிவு இருக்கத்தான் செய்யும். எவ்வளவு கசிகிறது என்பதைவிட, கசியும் நீர் மண்ணை அரித்துக்கொண்டு வருகிறதா, நீர்மட்டம் ஏறாமலே கசிவு கூடுகிறதா என்பதுதான் கேள்வி.

அணை நிரம்பியிருக்கும்போது வெளிச்சரிவின் அடிவாரத்தை நடந்தே பாருங்கள். மற்ற இடம் காய்ந்திருக்க, ஓரிடத்தில் மட்டும் புல் பச்சென்று தழைத்திருந்தால் அங்கே கால் வைத்து அழுத்திப் பாருங்கள். மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தில் கூடுதல் நேரம் நில்லுங்கள். குழாயை ஒட்டிய மண்ணைச் சரியாகக் கெட்டிப்படுத்துவது கடினம். பழைய இரும்புக் குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்தாலும் மண் உள்ளே இழுபடும்.

கசிவைச் சிறு வாய்க்காலில் திரட்டி 10 லிட்டர் வாளியில் பிடியுங்கள். 20 விநாடியில் நிரம்பினால் நிமிடத்துக்கு 30 லிட்டர். கூடவே அணையின் நீர்மட்டத்தையும் மழையளவையும் எழுதுங்கள். இவை இல்லாத கசிவுக் கணக்கு வீண். வாளிக்கு அடங்காத ஓட்டத்துக்கு, மேல்விளிம்பில் 90 பாகையில் V வடிவமாக வெட்டிய தகட்டை வாய்க்காலுக்குக் குறுக்கே வையுங்கள். வெட்டின் கீழ்முனைக்கு மேல் நீர் 5 செ.மீ. நின்றால் விநாடிக்குச் சுமார் 0.8 லிட்டர், 10 செ.மீ. நின்றால் சுமார் 4.4 லிட்டர். உயரம் இரட்டித்தால் ஓட்டம் ஐந்து மடங்குக்கும் மேல். தகட்டை ஒட்டி அளக்காதீர்கள், அங்கே நீர் தாழ்ந்துவிடும். சற்றுப் பின்னால் அளங்கள்.

கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் நீர் பிடித்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் மணலோ வண்டலோ படிந்தால், கரைக்குள் துளை உருவாகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

மணலைக் கக்கும் ஊற்றைக் களிமண்ணாலோ சிமெண்டாலோ அடைக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி வேறிடத்தில் பீறிடும். மேலே பருமணல், அதன்மேல் சரளை, அதன்மேல் கல் என்று போடுங்கள். நீர் வரும், மண் தங்கும். மணலையே அடித்துச் செல்லும் வேகமென்றால், சுற்றிலும் மணல்மூட்டை அடுக்கி, நீர் தெளியும்வரை உள்மட்டத்தை உயர்த்தி, வழிய வாய் விடுங்கள். கலங்கல் நீர் கூடிக்கொண்டே போனால் முதல் வேலை கீழ்ப்பகுதி மக்களை வெளியேற்றுவது, மூட்டையெல்லாம் பிறகு.

அணையைக் காலி செய்யும்போதும் அவசரம் ஆகாது. நீர் சட்டென இறங்கினால், ஊறிய உட்சரிவு தாங்கலின்றிச் சரியும். சாதாரண நாளில் ஒரு நாளைக்கு 30 செ.மீ. அளவோடு நிறுத்துவது நல்லது; ஆபத்து வேளையில் அந்த வேகத்தைப் பொறியாளர் முடிவு செய்யட்டும்.

கரைமேல் முளைக்கும் மரக்கன்றை அந்த ஆண்டே பிடுங்குங்கள். பெரிய மரத்தை வெட்டிவிட்டு வேரை விட்டுவிட்டால், அது மட்கி நீருக்கு வழியாகிவிடும். வேரைத் தோண்டியெடுத்து, குழியை அதே வகை மண்ணால் 15 செ.மீ. அடுக்குகளாகப் போட்டுத் திமிசு அடிக்க வேண்டும். இந்த வேலைக்கு நீர்மட்டம் இறங்கிய பருவமே சரி.