ரெஜிஸ்ட்ரியில் கை வைக்காதீர்கள்: கிளீனர் மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டர் மெதுவானதும் முதல் வேலையாக ஒரு கிளீனரை, அதாவது வேண்டாததை அழித்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் மென்பொருளை, இறக்கிப் போடும் பழக்கம் விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து மாறவில்லை. சர்வீஸ் வேலை கற்றுக்கொள்ள வருகிறவர்களும் மேசையில் உட்கார்ந்ததும் அதே 'ஃபிக்ஸ் ஆல்' பட்டனைத்தான் அழுத்துகிறார்கள். கிராக் போட்ட பதிப்பு, கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும் டூல்பார் போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடலாம். செய்யும்போது எதுவும் தெரியாமல், பத்துப் பதினைந்து நாள் கழித்து வேறொரு கோளாறாக வந்து நிற்கும் தவறுகளைப் பற்றித்தான் இங்கே பேச வேண்டும்.

டாஸ்க் மேனேஜருக்கு முன்னால் கிளீனரைத் திறப்பது

கணினியை ஆன் செய்து ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போங்கள். எதையும் திறக்காமலே டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று, ரெஸ்பான்ஸ் டைம் நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டில் ஓடினால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் காரணம். 4 ஜிபி ரேமில் பிரவுசரைத் திறந்த உடனே மெமரி 90 சதவீதத்தைத் தொட்டால் ரேம் போதவில்லை. பிராசசர் வேகம் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே சிக்கி மேலே ஏறாமல் இருந்தால், ஒன்று ஃபேனில் தூசி அடைத்துச் சூடாகிறது, இல்லையென்றால் லேப்டாப் அந்தச் சார்ஜரை அடையாளம் காணவில்லை. இந்த மூன்றில் எதையும் கிளீனர் சரிசெய்யாது. அது டெம்ப் (தற்காலிக) ஃபைல்களை எண்ணிக்கொண்டிருக்கும்.

ஸ்கேன் காட்டும் எண்ணை நம்புவது

'1,347 பிழைகள்' என்று சிவப்பில் காட்டும் திரை விற்பனைக்காகச் செய்யப்பட்டது. குக்கி ஒன்றும் பிழை, பழைய ஷார்ட்கட் ஒன்றும் பிழை என்று எண்ணினால் நேற்று ஃபார்மட் செய்த கணினியிலும் சில நூறு வந்துவிடும்.

அமெரிக்காவில் இது வழக்காகவே போனது. ஆஃபீஸ் டிப்போ கடைகளில் 'பிசி ஹெல்த் செக்' என்று ஓட்டிய மென்பொருள், ஆரம்பத்தில் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேட்கும்: மெதுவாக இருக்கிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, பாப்-அப் வருகிறதா, வைரஸ் எச்சரிக்கை வருகிறதா. ஏதாவது ஒன்றில் டிக் விழுந்தாலே போதும், ஸ்கேனில் என்ன அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும் தீநிரலின் (வைரஸ் போன்ற கெட்ட மென்பொருளின்) அறிகுறி இருப்பதாக முடிவு வரும். நுகர்வோரைக் காக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் தலையிட்டு, 2019 மார்ச்சில் ஆஃபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் 1 கோடி டாலரும் கட்டச் சம்மதித்தன. 2024 மார்ச்சில் கணினியைப் பழுதுபார்ப்பதாகச் சொல்லி மென்பொருள் விற்ற ரெஸ்டோரோ, ரீஇமேஜ் ஆகிய இரண்டு நிறுவனங்களும் இதே மாதிரியான குற்றச்சாட்டில் 2.6 கோடி டாலருக்கு ஒத்துக்கொண்டன. எண்ணைப் பார்த்துப் பயந்து பணம் கட்டுவதற்கு முன்னால் இதை நினைவில் வையுங்கள்.

ரெஜிஸ்ட்ரியைச் 'சுத்தம்' செய்வது

மற்ற தவறுகளில் கொஞ்சம் நேரம் போகும், கொஞ்சம் பணம் போகும். இதில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கணினியே கெட்டுப்போகும். இத்தனை வருடம் கழித்தும் இதை ஒரு சேவையாக விற்பதும், காசு வாங்கிக்கொண்டு செய்து கொடுப்பதும் உண்மையிலேயே எரிச்சலூட்டுகிறது.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் மற்ற மென்பொருட்களும் தங்கள் அமைப்புகளை எழுதிவைக்கும் பதிவேடு. சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32, அதற்குள் கான்ஃபிக் என்ற இடத்தில் சிஸ்டம், சாஃப்ட்வேர், சாம், செக்யூரிட்டி, டிஃபால்ட் என்ற பெயர்களில் இருக்கிறது. பயனர் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஃபைல் உண்டு. விண்டோஸ் இதை முதலிலிருந்து கடைசிவரை வரிவரியாகப் படிப்பதில்லை. ஊர், தெரு, கதவு எண் என்று முகவரி பார்த்து நேரே போவதுபோல வேண்டிய கீயை (பதிவை) மட்டும் எடுக்கிறது. பக்கத்துத் தெருவில் பத்து வீடு பூட்டிக் கிடந்தால் தபால்காரருக்குத் தாமதம் ஆகாது. கிளீனர் அழிக்கும் எண்ணூறு பதிவுகளையும் சேர்த்தால் ஒரு எம்பிகூடத் தேறாது. ஆகவே வேகத்தில் கிடைக்கும் லாபம் பூஜ்யம்.

நஷ்டம் எப்படி வருகிறது என்று ஒரு டிடிபி கடையை வைத்துப் பார்ப்போம். பாமினி போன்ற யூனிகோட் அல்லாத பழைய தமிழ் எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்துக்கொண்டு, விண்டோஸில் ஷார்ட்கட்டாக மட்டும் நிறுவியிருப்பார்கள். அப்படிச் செய்தால் ரெஜிஸ்ட்ரியின் ஃபான்ட்ஸ் பிரிவில் அந்த டிஸ்க்கின் பாதை பதிவாகும். கிளீனர் ஓடும் நேரத்தில் டிஸ்க் செருகப்படவில்லை என்று வையுங்கள். பாதை இருக்கிறது, ஃபைல் இல்லை. 'மிஸ்ஸிங் ஃபான்ட்' என்று பட்டியலில் ஏற்றி அழித்துவிடும். மறுநாள் டிஸ்க்கைச் செருகினாலும் எழுத்துரு திரும்ப வராது. கோரல்டிராவில் பழைய கல்யாணப் பத்திரிகையைத் திறந்தால் மாற்று எழுத்துரு கேட்கும். அவசரத்தில் ஓகே அழுத்தினால் மணமகன் பெயர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து நிற்கும், ஏனென்றால் பாமினி தமிழ் எழுத்துகளை ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் வைத்திருக்கிறது. அந்த நிலையில் சேவ் செய்துவிட்டால் எந்த வரிக்கு எந்த எழுத்துரு இருந்தது என்ற தகவலும் போய்விடும்.

நெட்வொர்க் டிரைவ், அன்றைக்கு ஆன் செய்யாத இன்னொரு கணினியின் ஷேர் என எல்லாவற்றிலும் இதே கதைதான். கிளீனருக்குத் தெரிந்த ஒரே சோதனை, 'இந்தப் பாதை இந்த நிமிடம் இருக்கிறதா' என்பது. அந்தப் பதிவு எதற்காக இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

இதைவிடத் தொல்லையானது கிளீனரின் பட்டியலில் இருக்கும் 'இன்ஸ்டாலர்' என்ற டிக். எம்எஸ்ஐ என்ற வகை ஃபைலால் நிறுவிய மென்பொருட்களை விண்டோஸ் இன்ஸ்டாலர் தன் பதிவுகளை வைத்துத்தான் பழுதுபார்க்கிறது, புதுப்பிக்கிறது, நீக்குகிறது. அந்தப் பதிவு போனால் மென்பொருள் வழக்கம்போல ஓடும். அடுத்த அப்டேட் வரும்போதுதான் பழைய பதிப்பை நீக்க முடியாமல், புதியதை ஏற்ற முடியாமல் 1603 போன்ற பிழை எண்ணோடு நிற்கும். போன மாதம் ஓட்டிய கிளீனரை அப்போது யாரும் நினைப்பதில்லை.

மைக்ரோசாஃப்டே 1990களில் ரெக்கிளீன் என்று ஒரு கருவி கொடுத்து, பிறகு விலக்கிக்கொண்டது. இன்றைக்கு அதன் நிலைப்பாடு தெளிவானது: ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை அது ஆதரிப்பதில்லை, அவற்றால் வரும் கோளாறைச் சரிசெய்ய முடியும் என்ற உறுதியும் தருவதில்லை. இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. முன்பு விண்டோஸ் ரெக்பேக் என்ற ஃபோல்டரில் தானாக எடுத்துவைத்த ரெஜிஸ்ட்ரி நகல், விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து நின்றுவிட்டது. ஃபோல்டர் இருக்கும், உள்ளே ஃபைல்களின் அளவு பூஜ்யமாக இருக்கும். பழைய வீடியோவைப் பார்த்து அதை நம்பியிருந்தால் ஏமாற்றம்தான்.

ஏற்கெனவே ஓட்டிவிட்டால் இந்த வரிசையில் போங்கள். கிளீனர் கேட்டபோது பேக்கப் எடுத்திருந்தால், பொதுவாக டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் அந்த ரெஜ் ஃபைலை இரட்டைக் கிளிக் செய்து, சம்மதம் கொடுத்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது இல்லையென்றால், கணினியின் அமைப்புகளை முந்தைய ஒரு நாளின் நிலைக்குத் திருப்பும் சிஸ்டம் ரீஸ்டோர். அதுவும் இல்லையென்றால் மைக்ரோசாஃப்ட் தளத்தில் உங்கள் பதிப்புக்கான ஐஎஸ்ஓவை (விண்டோஸ் நிறுவும் ஃபைலை) இறக்கி, விண்டோஸ் ஓடும்போதே அதன் செட்டப்பைத் திறந்து, ஃபைல்களும் ஆப்களும் அப்படியே இருக்கட்டும் என்பதைத் தேர்ந்து மேலேயே நிறுவுங்கள். மென்பொருளை நீக்க முடியாத சிக்கல் மட்டும் இருந்தால், மைக்ரோசாஃப்ட் தரும் இன்ஸ்டால், அன்இன்ஸ்டால் டிரபிள்ஷூட்டரே போதும்.

பல கணினிகளில் சிஸ்டம் ரீஸ்டோர் அணைந்தே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரீஸ்டோர் பாயிண்ட்' என்று தேடி, சி டிரைவைத் தேர்ந்து, கான்ஃபிகர் அழுத்தி ஆன் செய்து, 5 சதவீதம் இடம் ஒதுக்குங்கள்.

ரேம் பூஸ்டர்

ஓடும் நிரல்கள் பிடித்திருக்கும் மெமரியை வலுக்கட்டாயமாகப் பிடுங்குகிறது. எண் குறைந்து பச்சையாகத் தெரியும். அடுத்த கிளிக்கில் அந்த நிரல் தன் தரவை மீண்டும் தேடி எடுக்க வேண்டும், சில சமயம் டிஸ்க்கிலிருந்தே. டாஸ்க் மேனேஜரில் 'கேஷ்டு' என்று காட்டும் மெமரி வீணாகக் கிடப்பது அல்ல. கேட்டால் உடனே கிடைக்கும்.

பிரிஃபெட்ச்சைக் காலி செய்வது

நிறைய வீடியோக்கள் சொல்லித்தரும் யோசனை. ஒரு மென்பொருள் திறக்கும்போது எந்தெந்த ஃபைல் தேவைப்படும் என்ற குறிப்புதான் பிரிஃபெட்ச் ஃபோல்டரில் இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் அதிகபட்சம் 1,024 குறிப்புகளோடு நிறுத்திக்கொண்டு பழையதைத் தானே நீக்கிவிடும். அழித்தால் கிடைப்பது சில எம்பி இடம். அடுத்த முறை ஒவ்வொன்றும் மெதுவாகத் திறக்கும்.

எஸ்எஸ்டிக்குத் தனி டிஃப்ராக் மென்பொருள்

வேண்டாம். விண்டோஸிலேயே இருக்கும் ஆப்டிமைஸ் டிரைவ்ஸ், எஸ்எஸ்டிக்குத் தேவையான டிரிம் என்ற பராமரிப்பை வாரம் ஒருமுறை செய்கிறது.

டிரைவர் அப்டேட்டர்

டிரைவர் (பிரிண்டர், டிஸ்ப்ளே போன்ற பாகங்களை இயக்கும் மென்பொருள்) வேண்டுமென்றால் அந்தப் பாகத்தைத் தயாரித்த நிறுவனத்தின் தளம் அல்லது விண்டோஸ் அப்டேட். வேறு எங்கிருந்தும் எடுக்காதீர்கள்.

விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்' ஃபோல்டரை அழிப்பது

எத்தனை ஜிபி இருந்தாலும் தொடாதீர்கள்.

டவுன்லோட்ஸ் மேல் டிக் போடுவது

இடம் தேவைப்பட்டால் செட்டிங்ஸ், சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் என்று போங்கள். கிளீனர் நியாயமாகச் செய்யக்கூடிய வேலை எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் உண்டு. தானாக டிக் ஆகியிருக்காது. எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் வேகத்தில் விழுந்துவிடும். பேங்க் ஸ்டேட்மெண்ட், பிள்ளைகளின் ஹால் டிக்கெட், வாட்ஸ்அப் வெப்பில் இறக்கிய போட்டோ எல்லாம் அங்கேதான் கிடக்கும். ரீசைக்கிள் பின்னுக்கும் போகாமல் நேராக அழிந்துவிடும். 'பிரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதை அழித்தால், அப்டேட்டுக்குப் பிறகு பத்து நாளுக்குள் பழைய பதிப்புக்குத் திரும்பும் வழி அடைபடும். புதிய பதிப்பு சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அதில் கை வையுங்கள்.

நல்ல பெயர் இருந்தால் பயமில்லை என்று நினைப்பது

சிகிளீனர் உலகம் முழுக்கப் பயன்பட்ட கருவி. 2017 ஆகஸ்டில் வந்த அதன் 5.33 பதிப்பில், நிறுவனத்தின் சொந்த டிஜிட்டல் கையொப்பத்தோடேயே தீநிரல் கலந்திருந்தது. செப்டம்பரில் அது அம்பலமாகும் முன் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் ஏறிவிட்டது. முழு அனுமதியோடு ஓடும் எந்த மென்பொருளும் ஒரு கூடுதல் வாசல். தேவையில்லாத வாசலை எதற்காகத் திறந்துவைக்க வேண்டும்?

சாகும் டிஸ்க்கில் 'டீப் ஸ்கேன்' ஓட்டுவது

இரண்டு மாதம் முன்புவரை நன்றாக ஓடிய கணினி திடீரென்று ஃபோல்டர் திறக்கவே அரை நிமிடம் எடுத்துக்கொண்டால், எதையும் சுத்தம் செய்யாதீர்கள். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஓட்டிப் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' என்று காட்டுகிறதா, 05, சி5 ஆகிய வரிகளில் பூஜ்யம் அல்லாத எண் இருக்கிறதா என்று கவனியுங்கள். 05 என்பது கெட்டுப்போய் மாற்றப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தரவு எழுதும் சிறு பகுதிகள்); சி5 என்பது படிக்கத் திணறும் செக்டர்கள். சி5 வரியில் பூஜ்யம் இல்லையென்றால் டிஃப்ராக், முழு ஸ்கேன் எல்லாமே அந்த டிஸ்க்கைச் சீக்கிரம் முடித்துவிடும். வேறொரு டிஸ்க்கைச் செருகி, முதலில் கணக்குத் தரவையும் அதன் பேக்கப்பையும், அடுத்து போட்டோக்களையும், கடைசியில் மற்றவற்றையும் காப்பி செய்யுங்கள். ஒரு ஃபைலில் சிக்கி நின்றால் அதைத் தாண்டிப் போங்கள். திரும்பத் திரும்ப முயன்றால் மிச்சமிருப்பதும் போகலாம். காப்பி முடிந்து, புது டிஸ்க்கில் ஒவ்வொரு ஃபோல்டரையும் திறந்து பார்த்த பிறகு பழையதைக் கழற்றுங்கள்.