படம் வரைய மலிவான பேனா, மார்க்கர், அழிப்பான் வாங்குவது எப்படி?

கோவை டவுன்ஹாலை ஒட்டிய கடைவீதிகளில் எழுதுபொருள் வாங்கச் செல்பவர்கள், பெரிய மார்க்கர் பெட்டியில் கை வைப்பதற்கு முன், கோடு வரைய நல்ல பேனா ஒன்றைத் தேட வேண்டும். சாதாரண ஜெல் பேனாக்கள் பலவற்றின் மை நீரில் கரையக்கூடியது என்பதால், அதன் மேல் வண்ணம் தீட்டியவுடன் கோடுகள் கலங்கிவிடும். நீரில் கரையாத நிறத்துகள் கொண்ட நிறமி மை (pigment ink) காய்ந்த பின் பெரும்பாலும் அப்படிக் கலங்காது. கடையில் தரும் துண்டுத்தாளில் கோடு இழுத்து, சில நிமிடம் காயவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். தொடக்கத்துக்கு 0.1, 0.5 மி.மீ. முனைகள் இரண்டே போதும்.

ஆல்கஹால் மார்க்கர் 70 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) நகல் தாளில் மறுபக்கம் வரை கசியும் என்பதால், தடித்த தாளின் விலையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பழகும் கைக்கு நீர் மை கொண்ட ஸ்கெட்ச் பேனாவே சிக்கனம் என்பது என் கருத்து. அதிலும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தாள் திரிதிரியாக எழும்பும்.

பென்சில் கோட்டுக்கு மென்மையான வெள்ளை அழிப்பான் போதும். கரித்துண்டு ஓவியத்துக்குத்தான் கையால் பிசைந்து உருமாற்றக்கூடிய அழிப்பான் தேவை. வெள்ளை அழிப்பானை அதன் காகித உறையோடு வையுங்கள். பிளாஸ்டிக் அளவுகோலோடு சேர்ந்து கிடந்தால் இளகி ஒட்டிக்கொள்ளும்.