மழைநாளில் விளையாட்டு ஆவணப்படம்: எங்கே சறுக்குகிறோம்?

ஆனி, ஆடி மழையில் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையின் தூத்தூர், இரவிபுத்தன்துறைப் பக்கத்து மைதானங்கள் குளமாகிவிட்டால், பந்தாடுகிற பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடப்பார்கள். ‘ஒரு நல்ல விளையாட்டுப் படம் போடலாம்’ என்று அப்போதுதான் தோன்றும். உடனே வீரர் பெயரைத் தட்டி, மேலே வருவதைப் போட்டுவிடுகிறோம். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

தோனி பெயரைத் தட்டினால் 2016இல் வந்த கதைப்படம் வரும். 1983 உலகக் கோப்பையைத் தேடினால் 2021இல் வந்த ‘83’ வரும். இரண்டிலும் நடிகர்கள்தான். பார்க்கத் தடையில்லை, ஆனால் அவை ஆவணப்படம் அல்ல. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 அடித்தார். அந்த ஆட்டத்துக்குத் தொலைக்காட்சிப் பதிவே கிடையாது. ஆகவே திரையில் அந்த இன்னிங்ஸ் ஓடுகிறதென்றால், அது நடித்து எடுத்தது. ஓடுவது அன்றைய பதிவா, பிறகு எடுத்ததா என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படம் பார்ப்பதே ஒரு விளையாட்டாகிவிடும்.

அடுத்தது, யார் பணத்தில் எடுத்தார்கள் என்று பார்க்காமல் விடுவது. ‘தி லாஸ்ட் டான்ஸ்’ (2020) பத்துப் பகுதிகள். அமெரிக்கக் கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸின் 1997–98 பருவம்தான் கதை. அந்தப் பருவம் முழுக்க உடைமாற்றும் அறை வரை கேமரா போனது. ஆனால் அணியின் நட்சத்திரமான மைக்கேல் ஜோர்டான் சம்மதித்த பிறகே அந்தப் பதிவு வெளியே வந்தது. தயாரிப்பில் அவருடைய சொந்த நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. ஜோர்டான் சிரிக்கிற இடத்தில் நாமும் சிரிக்கிற மாதிரித்தான் வெட்டியிருக்கிறார்கள். கூட ஆடிய ஸ்காட்டி பிப்பன், தன்னைக் காட்டிய விதத்தைப் பற்றிப் பின்னாளில் வெளிப்படையாகக் குறைபட்டார். அருமையான தொடர்தான், சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு தரப்பின் வழக்கு என்ற நினைப்போடு பார்க்க வேண்டும். மேற்கிந்திய வேகப்பந்து வீச்சைப் பற்றிய ‘ஃபயர் இன் பாபிலோன்’ (2010) படமும் அப்படித்தான். அந்த வீரர்களின் வாய்மொழியே அதன் பலம், அதன் எல்லையும் அதுவே.

புகழ்பெற்ற ஆட்களின் படங்களை மட்டுமே பார்ப்பதுதான் பெரிய இழப்பு. நம் கடற்கரை வீடுகளுக்கு மிக நெருக்கமானது ‘ஹூப் ட்ரீம்ஸ்’ (1994). சிகாகோவின் இரண்டு ஏழைப் பையன்கள், வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி. இருவரும் கூடைப்பந்தை நம்பிப் பள்ளி மாறுகிறார்கள். அரை மணி நேரப் படமாகத் தொடங்கியது ஐந்து வருடம் நீண்டது. முழங்கால் காயம், கட்ட முடியாத பள்ளிக் கட்டணம், துண்டிக்கப்பட்ட மின்சாரம், மகன் வழியாகத் தன் கனவைத் தேடுகிற வீட்டார் என எல்லாம் வருகிறது. விளையாட்டுக் கோட்டாவில் ஒரு வேலை கிடைக்காதா என்று பிள்ளையை மைதானத்துக்கு அனுப்புகிற வீட்டில் இதற்கு விளக்கமே தேவைப்படாது. ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஓடும். ஒரே மூச்சில் உட்கார்ந்தால் பாதியில் தூங்கிவிடுவார்கள். இரண்டு இரவாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மொழி விஷயத்திலும் ஒரு சறுக்கல் உண்டு. ‘டியேகோ மரடோனா’ (2019) படத்தில் பெரும்பாலும் ஸ்பானியமும் இத்தாலியமும்தான் கேட்கும். திரையின் கீழே ஓடும் வசன எழுத்தை வாசிக்காமல் ஒன்றும் பிடிபடாது. அதைக் கைபேசியில் பார்ப்பது கண்ணுக்குத் தண்டனை. டிவியில் போட்டு, வசன எழுத்தின் அளவை ‘பெரியது’ ஆக்கிக்கொள்ளுங்கள். நேபிள்ஸ் மாஃபியா, கொக்கெய்ன் எல்லாம் வருவதால் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

பழைய பதிவுகள் 4:3 சட்டத்தில், அதாவது அகலம் நான்குக்கு உயரம் மூன்று என்ற அளவில் இருக்கும். திரையின் இரு பக்கமும் கறுப்பு விழும். ‘படம் சின்னதாக இருக்கிறதே’ என்று ரிமோட்டில் ‘ஜூம்’ போட்டால் மேலே தலையும் கீழே ஸ்கோரும் வசன எழுத்தும் வெட்டுப்படும். ‘வைட்’ போட்டால் ஆட்டக்காரர்கள் குட்டையாகவும் தடித்தும் தெரிவார்கள். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அசைவை வழவழப்பாக்குகிற அமைப்பு ஒன்று டிவியில் இருக்கும்; நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர் மாறும். பதிவில் இல்லாத படங்களை (ஃபிரேம்) டிவியே கற்பித்து நடுவில் செருகுவதுதான் அதன் வேலை. பழைய பதிவில் பந்து வால் முளைத்தது போல இழுபடுவது அதனால்தான். அணைத்துவிடுங்கள்.

டேட்டா கணக்கைப் போடாமல் உட்காருவதும் வழக்கமான தவறு. நெட்ஃப்ளிக்ஸில் எச்டி தரம் மணிக்கு 3 ஜிபி வரை இழுக்கும். ஒரு நாளைக்கு 2 ஜிபி திட்டம் முதல் மணி நேரத்திலேயே தீர்ந்துவிடலாம். தரத்தைக் குறைத்தால் 1 ஜிபிக்குள் நிற்கும். சரி, முந்தின நாளே இறக்கி வைக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல்: கைபேசியில் இறக்கியதைப் பல செயலிகள் டிவிக்கு அனுப்ப விடாது. திரை கறுப்பாக நிற்க, ஒலி மட்டும் கேட்கும். எல்லோரையும் கூட்டி உட்கார வைக்கும் முன் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

முதல் படம் எது என்று கேட்டால், கார் பந்தய வீரர் அயர்டன் சென்னாவைப் பற்றிய ‘சென்னா’ (2010). இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கார் பந்தயம் தெரியாதவரையும் இழுத்துப் பிடிக்கும். பேட்டி கொடுப்பவர்களின் குரல் மட்டும் பின்னால் ஒலிக்க, திரையில் அன்றைய பதிவுகளே ஓடும். கடைசிப் பகுதி 1994 மே 1, இத்தாலியின் இமோலா பந்தயத்தில் அவர் விபத்தில் உயிரிழந்த நாள். அயர்டன் சென்னாவின் காரிலிருந்தே எடுத்த பதிவு வரும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் அதற்கு முன்பே சாப்பாட்டுக்கு எழுப்பிவிடுங்கள்.