இருவர் சோதித்தும் யாரும் பார்க்காத இடம்

போன வாரம் புதிதாகச் சேர்ந்த இரண்டு டெஸ்டர்கள் (மென்பொருளைச் சோதிப்பவர்கள்) என் பக்கத்து மேசையில் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். "லாகின் எனக்கு, ப்ரொஃபைல் உனக்கு." அரை நிமிடத்தில் பேச்சு முடிந்து, ஆளுக்கொரு ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்கள். எனக்குப் பகீரென்றது. எட்டு வருடத்துக்கு முன் நானும் இப்படித்தான் பிரித்துக்கொண்டேன்.

சேர்ந்து சோதிக்கும்போது புதியவர்கள் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். ஸ்கிரீன்ஷாட் இணைக்க மறப்பது மாதிரியான தவறுகளை எல்லோரும் ஒரு மாதத்தில் தானாகத் திருத்திக்கொள்வார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

"அதை அவங்க பார்த்திருப்பாங்க"

அது ஒரு விற்பனைத் தளம். கூப்பன் என் பொறுப்பு. ஆர்டர் ரத்து, கூட வேலை பார்த்தவர் பொறுப்பு. காலாவதியான கூப்பன், இரண்டு முறை போட்ட கூப்பன், சின்ன எழுத்தில் தட்டிய கூப்பன் என்று நான் குடைந்து எடுத்தேன். அவரும் சளைக்கவில்லை: முழு ரத்து, ஒரு பொருள் மட்டும் ரத்து, அனுப்பிய பிறகு ரத்து. இரண்டு பட்டியலும் முழுப் பச்சை, அதாவது எல்லாச் சோதனையும் பாஸ். ரிலீஸ் போனது.

500 வீதம் இரண்டு பொருள், கூப்பனில் 200 கழிவு. வாடிக்கையாளர் கட்டியது 800. ஒன்றை ரத்து செய்தால் 400 திரும்ப வேண்டும். சிஸ்டம் 500 கொடுத்தது. என் பட்டியலில் ரத்து இல்லை, அவர் பட்டியலில் கூப்பன் இல்லை. ஒன்பது நாள் பணம் போய்க்கொண்டே இருந்தது. கணக்குப் பிரிவு சொல்லித்தான் எங்களுக்கே தெரியும்.

1999-இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாயில் தொலைந்ததும் இப்படி ஒரு சந்தில்தான். ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் கொடுத்தது. மறுதரப்பு அதை நியூட்டன் அலகு என்று எடுத்துக்கொண்டது.

எங்கள் விஷயத்தில் இன்றும் எனக்கு ஆறாதது, நாங்கள் அடுத்தடுத்த நாற்காலியில் இருந்தோம் என்பதுதான். "நீங்க எந்த ஆர்டரை வெச்சு ரத்து பண்ணிப் பாக்கறீங்க?" என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதெல்லாம் டெஸ்ட் கேஸ் (எதை, எப்படிச் சோதிப்பது என்ற குறிப்பு) எழுதும் முன்பே கால் மணி நேரம் சேர்ந்து உட்காருகிறோம். யார் பகுதியிலிருந்து எந்தத் தகவல் யார் பகுதிக்குப் போகிறது என்று தாளில் கோடு போடுவோம். ஒவ்வொரு கோட்டுக்கும் குறைந்தது ஒரு டெஸ்ட் கேஸ், எதிரே ஒருவர் பெயர். 'இருவரும்' என்று எழுத விடமாட்டேன்.

அந்தப் புதியவர்களிடம் கேட்டேன்: "ப்ரொஃபைல்ல மின்னஞ்சலை மாத்தின பிறகு பழைய மின்னஞ்சல்ல லாகின் ஆகுதான்னு யார் பாக்கறது?" ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பக் (கோளாறு) எண்ணிக்கையில் போட்டி

வேண்டாம். ஒரே கோளாறை ஐந்து டிக்கெட்டாக (தனித்தனிப் புகார்ப் பதிவாக) உடைக்கத் தோன்றும். அடுத்தவருக்குத் துப்பு கொடுக்க மனம் வராது.

எல்லோரும் பயன்படுத்தும் டெஸ்ட் டேட்டாவை (சோதனைக்கான கணக்குகள், தகவல்கள்) சொல்லாமல் மாற்றுவது

நீங்கள் முடக்கிய யூசர் கணக்கை வைத்துக்கொண்டு இன்னொருவர் அரை நாள் இல்லாத பக்கைத் தேடுவார். மாற்றும் முன் குழுவில் ஒரு வரி போடுங்கள்.

"எனக்கு வரலையே" என்று சக டெஸ்டர் பதிந்த பக்கை மூடுவது

டெவலப்பர் இப்படிச் சொன்னால் நமக்கு எவ்வளவு கோபம் வருகிறது! எழுந்து போய் அவர் திரையில் பாருங்கள். பில்ட் எண் (மென்பொருளின் எந்தப் பதிப்பு என்பது), பிரௌசர், எந்த யூசர் உரிமையில் நுழைந்தார் என்ற மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு மூடலாம்.